பச்சை நிறம் மறைத்த ஏர் ஃபிரைட்: திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் டாஷ்போர்டு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருவது திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர அளவிலான ஒரு குடும்ப நிறுவனம். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவை சொந்தக் கட்டடத்திலேயே நடக்கின்றன. நூலை வாங்கிக் கொடுத்து, நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அமுக்கிப் பதப்படுத்துதல்) ஆகியவற்றை வெளியே ஜாப் ஒர்க்காகச் செய்து வாங்குகிறார்கள். ஊரில் பெரும்பாலான நிறுவனங்கள் இயங்கும் முறை இதுதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்ட சாயப்பட்டறைகள், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறியே இயங்க வேண்டியிருக்கிறது. அந்தச் செலவைத் தாங்கி நடக்கும் பட்டறைகளில் நல்லவற்றில் இடம் பிடிப்பதே ஒரு வேலை. ஆர்டர் நேரத்துக்குப் போவதும் போகாததும் நிறுவனத்தின் மதில் சுவருக்கு வெளியே இருக்கும் அந்தப் பட்டறைகளைப் பெரிதும் பொறுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாமே இங்கிருந்துதான் கிளைக்கிறது.

தரவுகளை ஒழுங்குசெய்து, முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் டாஷ்போர்டை மறுபடி வடிவமைக்க அழைக்கப்பட்ட சிறு குழுவில் நான் இருந்தேன். நிறுவனத்தை அடையாளம் காட்டக்கூடிய தொகைகளையும் வாடிக்கையாளர் விவரங்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். கணக்கை விளக்குவதற்காக வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை.

நிறுவனத்தில் ஏற்கெனவே ஒரு டாஷ்போர்டு இருந்தது. ஆர்டர், உற்பத்தி விவரங்கள் பல பிரிவுகளும் சேர்ந்து பயன்படுத்தும் ஈ.ஆர்.பி. மென்பொருளிலும், கணக்குகள் டாலி என்ற கணக்கு மென்பொருளிலும், அன்றாட உற்பத்தி எக்செல் தாள்களிலும் இருந்தன. மூன்றையும் பவர் பி.ஐ. என்ற தரவுக் காட்சி மென்பொருளில் இணைத்து, முதலாளியின் அறையில் இருந்த பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தார்கள். விற்பனை, உற்பத்தி எண்ணிக்கை, தையல் லைன்களின் திறன், நேரத்துக்கு அனுப்பிய ஆர்டர்களின் சதவீதம், வரவேண்டிய தொகை என்று பல கட்டங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மாதக்கணக்காகப் பச்சையாகவே இருந்தன.

நிதிப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அடுத்த தலைமுறையினர் எழுப்பிய கேள்வியிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. விற்பனை உயர்கிறது, திறன் நன்றாக இருக்கிறது, ஷிப்மென்ட் நேரத்துக்குப் போகிறது என்று திரை சொல்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது லாபம் ஏன் சுருங்குகிறது? திரையில் இருந்த எந்தக் கட்டத்திலும் அதற்குப் பதில் இல்லை.

கவனித்தவை

திரையின் அழகை ஆராய்வதைத் தள்ளிவைத்து, ஒவ்வொரு எண்ணும் எந்த மேசையில் பிறக்கிறது, யார் கையால் உள்ளே போகிறது என்று பின்னோக்கித் தேடிச் செல்வதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டோம். இரண்டு எண்கள் எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தன.

முதலாவது, நேரத்துக்கு அனுப்பிய சதவீதம். ஈ.ஆர்.பி.யில் ஒவ்வொரு ஆர்டருக்கும் டெலிவரி தேதி என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. ஆர்டர் உறுதியாகும்போது, பையரோடு (உடை வாங்கும் நிறுவனத்தோடு) பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதில் தேதியைப் பதிவார். துணி தாமதமாகி, அந்தத் தேதிக்குச் சரக்கு போகாது என்று தெரிந்ததும் பையருக்கு மெயில் எழுதி அவகாசம் கேட்பார். பையர் சில நாள் நீட்டித்துத் தருவார். சில சமயம் தள்ளுபடி கேட்பார். சில சமயம், கடையில் இறங்க வேண்டிய நாள் மாறாது, ஆகவே உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள் என்பார். எதுவானாலும் புதிய தேதி அதே கட்டத்தில் பழைய தேதியின் மேல் எழுதப்படும். சரக்கு புதிய தேதிக்குள் கிளம்பிவிட்டால் கணினி அதை நேரத்துக்குப் போனதாகவே எண்ணும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேற வேண்டிய பெட்டிகள் விமான நிலையத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த வாரத்திலும் திரை பச்சையாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

இதை ஏமாற்று என்று சொல்வது அநியாயம். நாங்கள் கேட்டபோது மூத்த மெர்ச்சண்டைசர் ஒருவர், "பையர் புது டேட் குடுத்துட்டார்னா அதுதானுங்க நம்ம டேட், பழசை வெச்சு பிளான் போட முடியுமாங்க?" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. திட்டமிடுவதற்குப் புதிய தேதிதான் வேண்டும். வாக்கைக் காப்பாற்றினோமா என்று அளப்பதற்குப் பழைய தேதி வேண்டும். இரண்டு தேவைகளுக்கும் ஒரே கட்டத்தைக் கொடுத்தது அமைப்பின் குறை.

விமானச் செலவு கணக்கில் எங்கே போனது என்று பார்த்தால், டாலியில் சரக்குச் செலவு என்ற ஒரே லெட்ஜரில் உள்ளூர் லாரி வாடகை, துறைமுகக் கிளியரிங், விமானச் சரக்குக் கட்டணமான ஏர் ஃபிரைட் மூன்றும் கலந்து கிடந்தன. எந்த ஆர்டருக்காக என்ற குறிப்பு கிடையாது. விமானச் சரக்குக்கு உண்மையான எடை, கன அளவிலிருந்து கணக்கிடும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். பெட்டியின் கன சென்டிமீட்டரை 6,000-ஆல் வகுத்தால் வரும் கிலோதான் இந்தக் கன அளவு எடை. பருமனான உடைகளுக்கு இதனால் செலவு எடையை மீறிப் போகும். ஒரு ஆர்டரின் லாபம் முழுவதையும் இந்த ஒரு செலவு விழுங்கிவிட முடியும். ஆனால் ஷிப்மென்ட் கட்டத்தைப் பார்ப்பவருக்கு லெட்ஜர் தெரியாது, லெட்ஜரைப் பார்ப்பவருக்கு ஆர்டர் தெரியாது. இரண்டு துறைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் நட்டம் கண்ணில் படாமலே இருந்தது.

இரண்டாவது, தையல் லைனின் திறன். வாய்ப்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தைத்த பீஸ்களை ஒரு பீஸுக்கான நிர்ணய நிமிடத்தால் பெருக்கி, ஆட்கள் வேலை செய்த மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். வேலை செய்த நிமிடம் என்றால் எது என்பதில்தான் சிக்கல். ஒரு லைனில் 30 பேர், 480 நிமிட ஷிப்ட் என்றால் 14,400 நிமிடம். 6 நிமிட டி-ஷர்ட் 1,200 தைத்தால் 7,200 நிமிட உற்பத்தி; திறன் 50 சதவீதம். அன்று கழுத்துப் பட்டைக்கான ரிப் துணி வராமல் லைன் இரண்டு மணி நேரம் நின்றிருந்தால், அந்த நேரத்தைக் கழித்து 10,800 நிமிடத்தால் வகுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. அப்போது அதே உற்பத்தி ஏறத்தாழ 67 சதவீதம் ஆகிவிடும். ஒரு தளத்தில் முதல் முறையும், இன்னொரு தளத்தில் இரண்டாம் முறையும் நடைமுறையில் இருந்தன. டாஷ்போர்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தத் தளம் நன்று, அந்தத் தளம் மோசம் என்று நிறம் பூசியிருந்தது.

மோசம் என்று காட்டப்பட்ட தளத்தின் சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. லைன் முனையில் தொங்கும் பலகையில் மணிக்கு மணி எழுதப்படும் உற்பத்தி எண்களை எங்களுக்குக் காட்டினார். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை இருந்த கட்டங்களில் பூஜ்யம் எழுதி, பக்கத்தில் "ரிப் இல்லை" என்று மார்க்கரால் குறித்திருந்தார். "துணி வராம உட்கார்ந்திருந்த நேரத்தை எங்க கணக்குல ஏத்தினா எப்படிங்க சார்?" என்று கேட்டார். நிறுவனத்துக்கு மிகத் தேவையான தகவல் அந்த மார்க்கர் எழுத்தில்தான் இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் எக்செலில் ஏறியது மொத்த எண்ணிக்கை மட்டும்; பலகை மறுநாள் காலையில் துடைக்கப்பட்டுவிடும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் யார் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு, பிறகு பழைய திரையின் ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, "இந்த எண் மாறினால் நாளைக்கு நீங்கள் எதை வேறுமாதிரி செய்வீர்கள்?" என்று உரியவரிடம் கேட்டோம். பதில் வராத கட்டங்கள் நீக்கப்பட்டன. முதலாளிக்குப் பிடித்தமான, ஆண்டு தொடக்கம் முதலான மொத்த விற்பனை என்ற பெரிய எண்ணும் முதல் பக்கத்திலிருந்து மாத அறிக்கைக்குப் போனது. அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டார், அதற்கு நான் அவரை மதிக்கிறேன்.

தேதி விஷயத்தில், ஆர்டர் பதிவானதும் முதல் ஒப்பந்தத் தேதி பூட்டப்பட்டு, பிறகு யாராலும் மாற்ற முடியாதபடி செய்யப்பட்டது. திருத்திய தேதிக்குத் தனிக் கட்டம் வந்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சாயம், துணி, டிரிம்ஸ் (பட்டன், லேபிள் போன்றவை), பையர் பக்கத்து அனுமதி, ஆள் பற்றாக்குறை என்று காரணங்களின் பட்டியல் சுருக்கமாக வைக்கப்பட்டது. இரண்டு சதவீதங்களும் அருகருகே காட்டப்பட்டன. முதல் தேதியை மட்டும் காட்டினால் போதுமே என்ற யோசனை கூட்டத்தில் வந்தது. லேப் டிப்பையும் (சாய நிறத்தின் சிறு மாதிரி) பி.பி. சாம்பிளையும் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி உடை) பையரே வாரக்கணக்கில் அனுமதிக்காமல் வைத்திருந்துவிட்டுத் தேதியை நீட்டிக்கும் ஆர்டர்களில் மெர்ச்சண்டைசரைக் குற்றவாளியாக்கிவிடும் என்பதால் அதை ஏற்கவில்லை.

திறனுக்கும் இரண்டு எண்கள் வைக்கப்பட்டன. மொத்த நேரத்தால் வகுத்தது நிறுவனத்தின் திறன். ஓடிய நேரத்தால் வகுத்தது லைனின் திறன். இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம், மேலே சொன்ன கணக்கில் 3,600 நிமிடம், இழந்த நிமிடங்கள் என்ற பெயரில் காரணத்தோடு தனியாகக் காட்டப்பட்டது. அந்த நிமிடங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசர் அல்லர்; துணிக்கு ஃபேப்ரிக் பொறுப்பாளர், எந்திரக் கோளாறுக்கு மெக்கானிக் பிரிவு. பலகையில் மார்க்கரால் எழுதிய குறிப்பு இப்படித்தான் முதன்முதலாகத் திரைக்கு வந்தது.

ஏர் ஃபிரைட்டுக்குத் தனி லெட்ஜர் திறக்கப்பட்டு, ஆர்டர் எண்ணைக் காஸ்ட் சென்டராக (செலவு எதற்கானது என்ற குறியீடாக) கொடுக்காமல் வவுச்சர் போடக் கூடாது என்ற விதி கொண்டுவரப்பட்டது. கணக்குப் பிரிவுக்கு இதனால் வேலை கூடியது உண்மை. ஆனால் இதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்திருந்தாலும் நிதிப் பொறுப்பாளரின் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது.

சரக்கு போன பிறகு தாமதத்தைச் சொல்லும் எண் யாருக்கும் உதவாது என்பதால், முன்கூட்டியே எச்சரிக்கும் எண்களைத் தேடினோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் நூல் வாங்குதல், சாயத்துக்கு அனுப்புதல், துணி உள்ளே வருதல், கட்டிங் தொடக்கம், இறுதி இன்ஸ்பெக்‌ஷன் என்று மெர்ச்சண்டைசர்கள் தங்கள் எக்செலில் ஏற்கெனவே ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். அவற்றில் துணி உள்ளே வரும் தேதிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே, இன்றைய நிலையில் துணி வந்தால் ஷிப்மென்டுக்கு முன் எத்தனை நாள் கையிருப்பு மிஞ்சும் என்பதை ஆர்டர்வாரியாகக் கணக்கிட்டு, குறைவானது மேலே வரும்படி அடுக்கினோம். கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவே தேங்கும் பீஸ்களும் எண்ணிக்கையாக இல்லாமல் நாளாகக் காட்டப்பட்டன. 18,000 பீஸ் நிற்கிறது என்பதைவிட, நாளுக்கு 3,000 தைக்கும் தளத்தில் 6 நாள் வேலை நிற்கிறது என்பது தள மேலாளருக்கு உடனே புரிகிறது. ஜான் லிட்டில் 1961-இல் கணித முறையில் நிறுவிய உறவுதான் இது. நடுவே நிற்கும் சரக்கும் வெளியேறும் வேகமும் தெரிந்தால் சராசரியாக ஒரு பீஸ் எவ்வளவு நாள் காத்திருக்கிறது என்பது வகுத்தலில் கிடைத்துவிடும்.

நொடிக்கு நொடி புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை இருந்தது. பவர் பி.ஐ. புரோ உரிமத்தில் இறக்குமதி முறைத் தரவை நாளுக்கு 8 முறை வரை தானாகப் புதுப்பிக்கலாம். நொடிக்கு நொடி இல்லாவிட்டாலும், பகலில் பலமுறை புதுப்பிக்கத் தொழில்நுட்பத் தடை பெரிதாக இல்லை. ஆனால் தள எண்கள் ஷிப்ட் முடிவில்தான் கணினியில் ஏறுகின்றன. பாதி ஏறிய எண்ணைப் பகலில் காட்டினால் வீழ்ச்சி என்று தவறாகப் படித்துப் போன் அடிப்பார்கள் என்பதால், மாலைப் பதிவு முடிந்த பின்னும் மறுநாள் காலைக் கூட்டத்துக்கு முன்னும் மட்டும் புதுப்பிப்பது என்று முடிவானது. கடைசியாக எப்போது புதுப்பித்தது என்ற நேரம் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அச்சானது.

திரையின் வடிவம்

பழைய திரையில் வேகமானி போன்ற வட்ட முள் படங்கள் நிறைய இருந்தன. கோணத்தையும் பரப்பையும்விட, ஒரே அளவுகோலில் நிற்கும் இடத்தையே மனிதக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் சோதித்து எழுதினார்கள். அதன்படி வட்டங்கள் போய், இலக்குக் கோடு போட்ட கிடைமட்டப் பட்டைகள் வந்தன. பச்சை முழுவதுமாக நீக்கப்பட்டது. ஒருவர் இன்று ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் மட்டும் சிவப்பு. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்காக அதன் பக்கத்தில் சொல்லாகவும் எழுதப்பட்டது. தலைப்புகள் தளத்தில் பேசும் சொற்களிலேயே தமிழில் வைக்கப்பட்டன.

லைன் திறன் வரைபடத்தில், வால்டர் ஷூவார்ட் 1924-இல் பெல் குழுமத்தின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாக்கிய கட்டுப்பாட்டு வரைபட முறையைப் பின்பற்றி, வழக்கமான ஏற்ற இறக்கத்தின் மேல், கீழ் எல்லைக் கோடுகள் சேர்க்கப்பட்டன. நேற்றைவிட இன்று இரண்டு சதவீதம் குறைந்ததற்கு விளக்கம் கேட்பது அங்கே ஒரு வழக்கமாகியிருந்தது. இயல்பான அசைவுக்கெல்லாம் காரணம் கேட்டால் மக்கள் காரணத்தை உற்பத்தி செய்யத் தொடங்குவார்கள். எல்லைக்குள் இருக்கும் நாளுக்குக் கேள்வி இல்லை என்பது கூட்டத்தின் விதியானது.

ஒவ்வொரு எண்ணின் வரையறை, வாய்ப்பாடு, தரவு வரும் இடம், பொறுப்பாளர், கடைசியாக மாற்றிய தேதி ஆகியவை அடங்கிய பக்கமும் டாஷ்போர்டின் உள்ளேயே வைக்கப்பட்டது. வேலையின் மிக உழைப்பான பகுதி இதுதான், யாரும் பாராட்டாத பகுதியும் இதுதான்.

நடைமுறைக்கு வந்த பிறகு

முதல் தேதியை வைத்து அளந்த சதவீதம் எல்லோரையும் அதிரவைத்தது. மெர்ச்சண்டைசிங் பிரிவில் மனவருத்தம் பரவியது. இந்த எண்ணை வைத்து அடுத்த இரண்டு சீசன்களுக்கு யாருடைய இன்சென்டிவையும் குறைக்க மாட்டேன் என்று முதலாளி கூட்டத்தில் அறிவித்தார். அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் ஆர்டர் பதிவாகும்போதே தேதியைத் தள்ளிப்போடும் பழக்கம் முளைத்திருக்கும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

காரணப் பட்டியலில் தொடக்கத்தில் சேர்த்திருந்த 'மற்றவை' என்ற தேர்வுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டு, பட்டியலில் இல்லாத காரணமானால் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும் என்று மாற்றியதும் படம் தெளிந்தது. திருத்தங்களில் சாயமே முன்னால் நின்றது. சாயத்திலும் பெரும்பகுதி பட்டறையின் மெத்தனத்தால் வந்ததல்ல. ஷேடு ஒத்துவராமல் மறுசாயம் போட்டதால் வந்தது. லேப் டிப் அனுமதி வருவதற்கு முன்பே அவசரத்துக்கு மொத்தத் துணியையும் சாயத்துக்கு அனுப்பிய ஆர்டர்களில் அது மீண்டும் மீண்டும் நடந்திருந்தது. லேப் டிப்பை ஆர்டர் உறுதியாவதற்கு முன்பே, விலை பேசும் கட்டத்திலேயே அனுப்பிவிடுவது என்ற நடைமுறை மாற்றம் இதிலிருந்து பிறந்தது.

எதிர்பாராத ஒரு தொடர்பும் வெளிப்பட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குச் சட்டம் குறிக்கும் கெடுவுக்குள், ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தராவிட்டால், பணம் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவின் எச் உட்பிரிவைச் சேர்த்ததால், சாயப்பட்டறைகளுக்குத் தரவேண்டிய பாக்கியை நாள்வாரியாகக் காட்டும் கட்டம் ஒன்றை நிதிப் பிரிவு கேட்டு வாங்கியிருந்தது. அதையும் துணிக் கையிருப்பு நாள் கட்டத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பாக்கி நீண்ட பட்டறைகளில்தான் இவர்களின் துணி அதிகம் காத்திருந்தது. நேரத்துக்குப் பணம் தருபவருக்கே பட்டறை முதலில் இடம் தரும் என்பது ஃபேப்ரிக் பொறுப்பாளருக்கு என்றைக்கும் தெரிந்த விஷயம். நிதிப் பிரிவிடம் அதைச் சொல்ல அவரிடம் அதுவரை சான்று இருக்கவில்லை. பணம் தரும் வரிசையை இருவரும் சேர்ந்து முடிவுசெய்யும் வழக்கம் அன்றிலிருந்து வந்தது.

ஏர் ஃபிரைட் குறைந்தது, நின்றுவிடவில்லை. தீபாவளிக்கு ஊர் போன வெளிமாவட்ட, வெளிமாநிலத் தொழிலாளர்கள் திரும்பத் தாமதமான ஒரு சமயத்தில், எந்தெந்த ஆர்டர் தவறும் என்று திரை முன்கூட்டியே சரியாகக் காட்டியது. ஆனால் தைக்க ஆள் இல்லை. அப்போதும் ஒரு பயன் இருந்தது: கடைசி வாரத்தில் பதறி எழுதாமல், சீக்கிரமே பையரிடம் பேசி, ஆர்டரின் ஒரு பகுதியைக் கப்பலிலும் மறுபகுதியை மட்டும் விமானத்திலும் அனுப்ப ஒப்புதல் பெற்றார்கள்.

அடுத்து மாற வேண்டியவை

முந்தைய ஆண்டுகளின் முதல் தேதிகள் மேலெழுதி அழிந்துவிட்டதால், பழைய நிலையோடு ஒப்பிட மெயில்களைத் தோண்ட வேண்டியிருந்தது; எல்லா ஆர்டர்களுக்கும் அது கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட வேலையைத் தொடங்கும் எந்த நிறுவனமும், திரையை வரைவதற்கு முன்பே, முக்கியக் கட்டங்களில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் ஏற்பாட்டை முதல் நாளே செய்துவிட வேண்டும். தள சூப்பர்வைசர்கள் வரையறைக் கூட்டங்களில் தொடக்கம் முதல் உட்கார வேண்டும் என்பதும் என் கருத்து. இழந்த நிமிடங்கள் என்ற எண்ணின் விதை அவர்களிடமிருந்தே வந்தது.

தரம் சார்ந்த எண்கள் இன்னும் திரைக்கு வரவில்லை. ஊசி ஓட்டை, தையல் விடுதல், கறை என்று செக்கிங் மேசையில் நூறு பீஸுக்கு எத்தனை குறைகள் என எழுதிவைக்கிறார்கள். இறுதி இன்ஸ்பெக்‌ஷனில் ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை வரம்பு) 2.5 அளவில் சரக்கு தோற்றால் மறுசெக்கிங்குக்கே பல நாள் போய்விடுவதால், இதைக் கையிருப்பு நாள் கணக்கோடு சேர்க்க வேண்டும்.

மிகப் பெரிய இடைவெளி பட்டறைக்குள் துணி எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். இப்போது அது ஃபேப்ரிக் பொறுப்பாளர் போனில் கேட்டு எழுதும் தேதியாகவே இருக்கிறது. ஜாப் ஒர்க்குக்குப் போகும் ஒவ்வொரு லாட்டும் ஜி.எஸ்.டி. விதிப்படி டெலிவரி செலானோடுதான் போக வேண்டும், ஓராண்டுக்குள் திரும்பி வந்தாக வேண்டும் என்பதால், அந்தச் செலான் எண்ணையே அடையாளமாக வைத்து, நிட்டிங்கிலிருந்து சாயத்துக்கும் சாயத்திலிருந்து காம்பாக்டிங்குக்கும் துணி கைமாறும் தேதிகளை ஈ.ஆர்.பி.யில் பதிவது என்று தீர்மானித்திருக்கிறார்கள். இரண்டு பட்டறைகள் செலானைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒப்புக்கொண்டுள்ளன. மற்றவற்றோடு பேச்சு நடக்கிறது.